முழங்காலின் பின்புறம் வீக்கமா?

தினமும் மாடிப்படி ஏறி இறங்கும் லான்மடாவ் அன்பர்களுக்கு முழங்கால் வலி புதிதல்ல. வலியுடன் முழங்காலின் பின்புற மடிப்பில் மெத்தென்று ஒரு வீக்கமும் தென்பட்டால் அது 'பேக்கர் நீர்க்கட்டி'யாக இருக்கலாம். லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் மொரன்ட் பேக்கர் 1877-இல் இதை விவரித்ததால் இப்பெயர் வந்தது.

இது புற்றுநோய் அன்று. மூட்டுத் தேய்மானம், முடக்குவாதம், ஜவ்வு கிழிதல் ஆகியவற்றால் மூட்டினுள் நீர் அதிகம் சுரக்கிறது. அது பின்புறமுள்ள பைக்குள் புகுந்துவிட்டால் எளிதில் திரும்பாது. ஊசியால் நீரை எடுத்தாலும் மீண்டும் சேரக்கூடும். எனவே மூட்டு நோய்க்கே சிகிச்சை தேவை.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: கட்டி வெடித்தால் கெண்டைக்கால் திடீரென வீங்கி, சிவந்து, வலிக்கும். காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்தாலும் இதே அறிகுறிகள்தான் தோன்றும். அந்த உறைகட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது கடினம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உதவும்.

ஆகவே தைலம் தேய்த்து நீவி விடாமல், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். வீக்கம் நாடிபோல் துடித்தால் இரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம்; அதற்கும் தாமதம் கூடாது.