ஐம்பது வாட்டும் கோடை எஃப்எம்மும்

கேள்வி: என்னிடம் 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல் இருக்கிறது. டாப் மாடல், ஸ்டியரிங்கிலேயே பாட்டுக்கான பட்டன் உண்டு. வண்டியோடு வந்த கம்பெனி செட் ஆறு மாதமாக மக்கர் பண்ணுகிறது. பென் டிரைவைச் சில நாள் எடுக்கிறது, சில நாள் எடுப்பதில்லை. மாற்றிவிடலாம் என்று மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடைக்காரர் பயனியரைத் தவிர எதையும் தொடாதீர்கள் என்கிறார். இரண்டாவது கடையில் சோனி. “அது 50 வாட், இது 55 வாட்” என்பது அவர் வாதம். மூன்றாவது கடைக்காரர், இரண்டும் வேண்டாம், பாதி விலைக்கு 9 அங்குல ஆண்ட்ராய்டு செட் போட்டுத் தருகிறேன், ரிவர்ஸ் கேமரா இலவசம் என்கிறார். என் மச்சான் ப்ளாபங்க்ட் ஜெர்மன்காரன் சரக்கு, அதை வாங்கு என்கிறான். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். வண்டி ஊரில் அப்பாவிடம் நிற்கிறது. வாரத்தில் இரண்டு நாள் ஓடினால் அதிகம். அப்பாவுக்குக் கோடை எஃப்எம் வேண்டும். எனக்கு பென் டிரைவில் இளையராஜா, வழி பார்க்க மேப், அவ்வளவுதான். 25 ஆயிரம் வரை செலவு செய்யலாம். எந்தக் கம்பெனி வாங்கலாம்?

ஒரு வாசகர், கரூர்

பதில்: நான்கு பேர் நான்கு பெயர் சொல்லியிருக்கிறார்கள். நான் ஐந்தாவதாக ஒரு பெயர் சொல்வதற்கு முன்னால் அந்த 55 வாட் கணக்கைப் பார்த்துவிடுவோம். கார் செட் வியாபாரத்தில் அதிகம் பேசப்படுவதும், அதிகம் ஏமாற்றுவதும் அந்த எண்தான்.

கார் பேட்டரி 12 வோல்ட். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதை 14.4 வோல்ட் வரை ஏற்றித் தரும். டாஷ்போர்டில் உட்காரும் செட்டுக்குக் கிடைப்பது அந்த 14.4 மட்டுமே. அதை இன்னும் ஏற்றிக்கொள்ளும் வசதி பெரிய ஆம்ப்ளிஃபயர்களில் உண்டு, இந்தச் செட்டுகளில் கிடையாது. கார் ஸ்பீக்கர் வழக்கமாக 4 ஓம். 14.4-ஐ அதாலேயே பெருக்கி 4-ஆல் வகுத்துப் பாருங்கள், 51.8 வரும். அட்டைப் பெட்டியில் அச்சடித்திருக்கும் 50 வாட்டின் பிறப்பிடம் இதுதான். ஆனால் அந்த 50 வாட் வரும்போது ஸ்பீக்கரில் பாட்டு வராது. சிக்னல் மேலும் கீழும் முட்டிச் சதுரமாகிப்போன கரகரப்புதான் வரும். ஒழுங்கான அலையாக வந்தால் கணக்குப்படியே 26 வாட்டுக்கு மேல் ஏற முடியாது. உள்ளே சூடாகி வீணாவதையும் கழித்தால் நல்ல செட்டிலேயே 20 சொச்சம்தான் மிஞ்சும். இதை நேர்மையாக அளந்து சொல்ல சிடிஏ-2006 என்று ஓர் அளவுமுறை இருக்கிறது: 14.4 வோல்ட், 4 ஓம், ஒரு சதவீதத்துக்கு மேல் சிதைவு கூடாது. செட்டோடு வரும் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும். பயனியரோ சோனியோ, அந்த வரியைத் தேடிப் படித்தால் இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒரு பேச்சுக்கு 50-ம் 55-ம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் வித்தியாசம் அரை டெசிபல்கூட இல்லை. உங்கள் காதுக்கும் தெரியாது, என் காதுக்கும் தெரியாது.

வாட்டை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது என்றால் வேறு எதை வைத்து? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. அப்பா, கோடை எஃப்எம், வாரத்தில் ஐந்து நாள் நிற்கும் வண்டி.

முதலில் நிற்கும் வண்டி. 9 அங்குல ஆண்ட்ராய்டு செட் என்பது டாஷ்போர்டில் பதித்த டேப்லெட். சாவி திருப்பியதும் அது முழுதாக எழுந்து வர அரை நிமிடமாவது ஆகும். வாங்குபவர் முகம் சுளிப்பார் என்று, சாவியை எடுத்த பிறகும் அதை அணைக்காமல் தூங்க மட்டும் வைக்கிறார்கள். தூங்கும் செட்டும் கரண்ட் குடிக்கும். நன்றாகச் செய்த செட் குடிப்பது மிகச் சொற்பம். மோசமான செட் 300 மில்லி ஆம்பியர் வரை உறிஞ்சும். அப்படி உறிஞ்சினால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-அவருக்கு மேல் போய்விடும். 45 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் ஐந்து நாளில் முக்கால்வாசி காலி. டீசல் இன்ஜினைச் சுழற்ற மீதி போதாது. சனிக்கிழமை காலை நீங்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அப்பாவுக்குப் போன் போட்டால், அவர் வாசலில் ஜம்பர் கேபிளோடு நிற்பார்.

எனக்கே இது நடந்தது. பெயர் வேண்டாம். மலிவு என்று என் வண்டியில் ஒன்றைப் போட்டு, ஒரு மழைக்காலத்தில் இரண்டு பேட்டரி மாற்றிய பிறகுதான் மீட்டர் வைத்துப் பார்த்தேன். மற்றவர்கள் வண்டிக்கு மீட்டர் வைப்பதுதான் என் பிழைப்பு என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆண்ட்ராய்டு செட் எல்லாமே குப்பை என்று சொல்லமாட்டேன். தினமும் ஓடும் வண்டி, பின் சீட்டில் குழந்தைகள், பெரிய திரை வேண்டும் என்பவர்கள் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அட்டையில் போட்டிருக்கும் 4 ஜிபி, 64 ஜிபி எல்லாவற்றையும் அப்படியே நம்ப வேண்டாம். செட்டிங்ஸ் பக்கத்தில் தெரியும் எண்ணையே மாற்றி எழுதி விற்பதும் உண்டு. கடையிலேயே மேப்பைத் திறந்து, பின்னணியில் பாட்டை ஓடவிட்டு, நடுவில் ரிவர்ஸ் கியர் போட்டுக் கேமரா வருகிறதா பாருங்கள். பத்து நிமிடத்தில் சாயம் வெளுத்துவிடும். இன்னொன்று, ஸ்விஃப்ட் டாஷ்போர்டு 9 அங்குலத்துக்குச் செய்ததில்லை. துருத்திக்கொண்டு நிற்கும் ஃபிரேம் வைத்துத்தான் மாட்ட வேண்டும். ஏசி காற்று வரும் வழியையும் பக்கத்துப் பட்டன்களையும் திரை மறைக்கிறதா என்று உட்கார்ந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இனி கோடை எஃப்எம். செட் வாங்க வருபவர்களில் ரேடியோவைப் பற்றிக் கேட்பவர் இப்போது நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். உங்கள் அப்பாவுக்கு ஒரு வணக்கம். கொடைக்கானல் மலைமேல் கோபுரம் இருப்பதால்தான் 100.5 இத்தனை மாவட்டங்களுக்கு வருகிறது. ஆனால் கரூர் பக்கம் வந்து சேரும்போது சிக்னல் மெலிந்துபோயிருக்கும். ஒரு செட்டின் ட்யூனர் எப்படிப்பட்டது என்பது அப்போதுதான் தெரியும். நகரத்துக்குள் பக்கத்திலேயே கோபுரம் வைத்திருக்கும் ஸ்டேஷன்கள் எந்தச் செட்டிலும் கணீரென்று கேட்கும். அதைப் போட்டுக் காட்டினால் மயங்காதீர்கள். மலிவான செட்டுகளில் திரையும் உள்ளிருக்கும் பவர் சர்க்யூட்டும் கிளப்பும் இரைச்சலே எஃப்எம்மை அமுக்கிவிடும். பெயர் பெற்ற கம்பெனிகள் ரேடியோ காலத்திலிருந்து வருகிறவை. ட்யூனரைத் திரையின் இரைச்சலிலிருந்து காப்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரியும். வெறும் காட்சிக்கு வைத்த செட்டில் எதுவும் தெரியாது, ஆன்டெனா இருக்காது. அதே செட் போட்ட வண்டி ஒன்றை அந்தக் கடைக்காரர் காட்டினால் அதில் 100.5 வைத்துக் கேளுங்கள்.

ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கிறது என்று வெளிநாட்டுச் செட் வாங்குவோருக்கும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 95-க்குள் முடிந்துவிடும். அந்த நாட்டுக்காகச் செய்த செட்டில் 100.5 என்ற எண்ணே வராது. அமெரிக்கச் செட் ஒற்றைப்படையாகத் தாவும், 101.3-க்கு அடுத்தது 101.5. சென்னை ரெயின்போ 101.4. பகுதியை மாற்றும் வசதி அந்தச் செட்டில் இல்லையென்றால் அதோடு கதை முடிந்தது.

ப்ளாபங்க்ட் பற்றி மச்சானிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் சொல்வது பொய்யில்லை, பழைய உண்மை. 1923-ல் பெர்லினில் ஐடியல் என்ற பெயரில் தொடங்கிய கம்பெனி அது. சோதித்துத் தேறிய ஹெட்போன்களில் ஒரு நீலப் புள்ளி வைப்பார்கள். அந்த நீலப் புள்ளியே, ஜெர்மன் மொழியில் ப்ளாபங்க்ட், பிறகு கம்பெனிக்குப் பெயரானது. 1932-ல் ஐரோப்பாவின் முதல் கார் ரேடியோவைச் செய்ததும் அவர்கள்தான். ஆனால் வெகுகாலம் வைத்திருந்த பாஷ் குழுமம் அதை விற்றுவிட்டது, பிறகு அந்தக் கம்பெனி திவாலாகவும் செய்தது. இன்று அந்தப் பெயரை உரிமம் வாங்கியவர்கள் ஆளுக்கொரு நாட்டில் ஆளுக்கொரு பொருளில் ஒட்டுகிறார்கள். நல்ல பொருளாகவே இருக்கலாம், அந்தந்த மாடலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பெயருக்காக வாங்குவதில் அர்த்தமில்லை. கடைகளில் பார்த்திருப்பீர்கள், ஜேவிசியும் கென்வுட்டும் இருக்கின்றன. 2008-லிருந்து இரண்டும் ஒரே வீடு. மோசமில்லை. உங்கள் ஊரில் சர்வீஸ் இருந்தால் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் பயனியரும் சோனியும். உங்களுக்குப் போதுமானது, போனை இணைத்து ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்ப்ளேயோ ஓட்டும் ஆறரை, ஏழு அங்குலச் செட். மேப் போனிலிருந்து வருவதால் செட் பழசானாலும் மேப் பழசாகாது. ஒயர் இல்லாமல் இணைக்கும் வசதிக்குத் தனியாக விலை கேட்பார்கள். வாரத்தில் இரண்டு நாளுக்கு நல்ல கேபிள் ஒன்று போதும்.

இந்த விலையில் பாட்டின் தரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பயனியரின் பல மாடல்களில் 13 பேண்ட் ஈக்வலைசர் இருக்கிறது. ஓட்டுநர் இருக்கைக்கு எல்லா ஸ்பீக்கரின் ஒலியும் ஒரே நேரத்தில் வந்து சேரும்படி தாமதம் வைக்கவும் முடியும். நோண்டிப் பார்ப்பதில் சுகம் காண்பவர்களுக்கு அது. சோனியின் சில மாடல்களில் சத்தத்துக்கு உருண்டையான திருகு ஒன்று தனியாக இருக்கும். ஓடும் வண்டியில் திரையைத் தடவித் தடவிச் சத்தத்தைக் குறைப்பது வயதானவர்களுக்குச் சரிப்படாது, எனக்கே சரிப்படவில்லை. அதனால் அப்பா ஓட்டும் வண்டிக்கு என் ஓட்டு, திருகு வைத்த சோனிக்கு. இரண்டில் ஒன்றுக்கு மட்டும்தான் கரூரிலோ திருச்சியிலோ சர்வீஸ் சென்டர் என்றால் திருகை மறந்துவிட்டு அதையே வாங்குங்கள். கடைக்காரர் வாய்மொழியாகத் தரும் வாரண்டி, கடை இருக்கும் வரைக்கும்தான். சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள்.

25 ஆயிரத்தையும் செட்டிலேயே கொட்ட வேண்டாம். பாட்டு கேட்பது ஸ்பீக்கரில். பத்து வருடம் மழையும் வெயிலும் பார்த்த கம்பெனி ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு தளர்ந்துபோயிருக்கும். முன்கதவு இரண்டுக்கும் புது ஸ்பீக்கர் போடுங்கள், பின்னால் இருப்பது கிடக்கட்டும். ஸ்பீக்கர் அட்டையிலும் வாட்டைப் பார்க்காதீர்கள், சென்சிடிவிட்டி என்று ஒரு டெசிபல் கணக்கு இருக்கும், அதைப் பாருங்கள். 88 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டில் தரும் சத்தத்தை 91 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டில் தந்துவிடும். ஆம்ப் இல்லாமல் செட்டின் 20 வாட்டை மட்டும் நம்பியிருக்கும் உங்களுக்கு இந்த மூன்று டெசிபல்தான் லாபம். வாங்குமுன் ஸ்பீக்கரின் ஆழத்தையும் அளக்கச் சொல்லுங்கள், கண்ணாடி இறங்கும்போது காந்தத்தில் முட்டக்கூடாது. காசு மிஞ்சினால் கதவுத் தகரத்தில் டேம்பிங் ஷீட் ஒட்டச் சொல்லுங்கள். தபேலா தபேலாவாகக் கேட்பது அதற்குப் பிறகுதான்.

அந்த பென் டிரைவையும் ஒருமுறை பாருங்கள். பழைய 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால், எந்தச் செட்டில் போட்டாலும் வயலின்கள் தகரமாகத்தான் ஒலிக்கும்.

மாட்டும் நாளில் பக்கத்திலேயே நில்லுங்கள். வண்டி ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்ற விடாதீர்கள். ஸ்விஃப்ட்டுக்கென்றே கப்ளர் கிடைக்கிறது, விலையும் சில நூறுதான். வெட்டாமல் செருகிவிடலாம். மஞ்சள் ஒயருக்கு எப்போதும் கரண்ட், சிவப்புக்குச் சாவி திருப்பினால் மட்டும். இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால் நல்ல கம்பெனிச் செட்டும் பேட்டரியைக் குடிக்கும். ஸ்டியரிங் பட்டன்களுக்குத் தனி ஒயர் உண்டு. செட்டில் அதற்கான இணைப்பு இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டு, வண்டியை எடுக்குமுன் ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பாருங்கள். ஹேண்ட்பிரேக்குக்குப் போகும் ஒயரை பாடியில் முடிந்துவிட்டு, “ஓடும்போதே படம் பார்க்கலாம் சார்” என்று பையன் சலுகை காட்டுவான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பழைய செட்டுக்கு ஐந்நூறோ ஆயிரமோ கழித்துக்கொள்வதாகச் சொல்வார்கள். கொடுக்காதீர்கள். அதன் ஃபிரேம், கிளிப், திருகாணிகளோடு ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் புதுச் செட்டைக் கழற்றிக்கொண்டு அதைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிடலாம்.