நிலச்சரிவு: மழை மட்டுமா குற்றவாளி?

வெள்ளம் வருமுன் அணை போடு என்பது முன்னோர் வாக்கு. மலையடிவாரத்தில் வாழ்வோர் அதனோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: மழை வருமுன் மலையைப் பார்!

நான் பாலிக் புலாவில் பிறந்து வளர்ந்தவள். மலாய்மொழியில் ‘தீவின் பின்புறம்’ எனப் பொருள்படும் எங்கள் ஊருக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே மலைகள் நிற்கின்றன. டுரியானும் ஜாதிக்காயும் செழிக்கும் மலைகள் அவை. 2017 நவம்பர் 4ஆம் நாள் இரவு பெய்த புயல்மழை பினாங்கையே உலுக்கியது. அப்போது எனக்குப் பதினான்கு வயது. விடிவதற்குள் எங்கள் வீட்டுப் பின்புறச் சரிவு பெயர்ந்து, சமையலறைச் சுவர்வரை சேறு வந்து நின்றது. நல்லவேளையாகப் பாட்டி அன்று முன்கூடத்தில் படுத்திருந்தார். “பாழாய்ப்போன மழை” என்றுதான் எல்லாரும் சொன்னோம். மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் வேண்டுமென அச்சரிவின் அடியை வெட்டியவர்கள் நாங்கள்தாம் என்பதை யாரும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுச் சரிவிலும் அதே மழைதான் பெய்தது. அது விழவில்லை. ஏன்?

மண்ணுக்குள் நடப்பது என்ன?

பினாங்குத் தீவின் மலைகள் கருங்கல்லால் ஆனவை. வெயிலும் மழையும் நெடுங்காலமாக அக்கல்லை இளக்கி, மேலே தடித்த மண் போர்வையாக மாற்றியுள்ளன. கடற்கரையில் ஈர மணலால் வீடு கட்டி விளையாடியிருப்போம். மணலுக்கிடையே உள்ள சிறிதளவு நீர் மணிகளை இழுத்துப் பிடிப்பதால் அந்த வீடு நிற்கிறது. அலை வந்து நனைத்ததும் கரைந்துவிடுகிறது. மலைமண்ணும் அப்படித்தான். இடைவெளிகள் முழுதும் நீர் நிறைந்தால் பிடிப்பு போய்விடும். நீரின் அழுத்தம் மண்துகள்களைத் தள்ளிப் பிரிக்கும். மண்ணின் எடையும் கூடும். அடிவாரத்தை வெட்டியிருந்தால் தாங்குவதற்கு ஒன்றுமில்லை. மரங்களை அழித்திருந்தால் பிடிக்க வேருமில்லை.

எவ்வளவு மழை ஆபத்து?

1980இல் கேய்ன் என்ற புவியியல் ஆய்வாளர், உலகின் பல பகுதிகளில் நிகழ்ந்த 73 சரிவுகளை ஒப்பிட்டு ஒரு கீழெல்லையைக் கணித்தார். அவருடைய சூத்திரப்படி, ஒரு மணி நேர மழையென்றால் ஏறக்குறைய 15 மி.மீ.; பத்து மணி நேரமென்றால் மணிக்கு 6 மி.மீ.; ஒருநாள் முழுதும் பெய்தால் மணிக்கு 4 மி.மீ.க்குச் சற்று மேல். இதை எட்டினால் எல்லா மலையும் சரியும் என்பதல்ல. நலிந்த சரிவுகள் விழத் தொடங்கும் எல்லை இது. கொட்டும் மழைக்கு மட்டும் அஞ்சினால் போதாது. விடாமல் பெய்யும் சாதாரண மழையும் மலையைச் சாய்க்கும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

யார் மாண்டனர்?

2017 அக்டோபர் 21இல் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளமொன்றில் மண் சரிந்து 11 பேர் மாண்டனர். அதை ஆராய்ந்த மாநில விசாரணை ஆணையம், மனிதர்களால் விளைந்த, தடுத்திருக்கக்கூடிய துயரம் அது என முடிவு செய்தது. ஓராண்டுக்குள், 2018 அக்டோபர் 19இல், புக்கிட் குக்குஸ் சாலைப்பணித் தளத்தில் 9 பேர் புதைந்து மாண்டனர். இவ்விரு இடங்களிலும் மாண்டவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள்.

நம் தாத்தா பாட்டிகளும் ஒரு காலத்தில் அப்படி வந்தவர்களே. கடல் கடந்த தோட்டப்புறங்களில் தமிழர்களின் நிலை இன்றும் பெரிதாக மாறவில்லை. இலங்கையின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29இல் தேயிலைத் தோட்ட லயங்கள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. போக வேறு இடமில்லாதவனுக்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்து என்ன பயன்?

நாம் செய்யக்கூடியவை

மலைச்சரிவில் புதிய விரிசல், சாயும் மரம், புடைத்த தடுப்புச்சுவர், இல்லாத இடத்தில் திடீர் ஊற்று, கலங்கிய நீர், இறுகி மூட மறுக்கும் கதவு ஆகியவை மலை தரும் முன்னறிவிப்புகள். இவற்றைக் கண்டால் பொருள்களைத் தேடாமல் உடனே வெளியேறி, 999 எண்ணை அழைக்க வேண்டும். மழைக்காலத்திற்கு முன்பே கால்வாயையும் தடுப்புச்சுவரின் நீர்த்துளைகளையும் அடைப்பின்றி வைத்திருக்க வேண்டும். தகுதிபெற்ற பொறியியலாளரின் ஆலோசனையின்றிச் சரிவின் அடியில் மண்வெட்டியைக்கூட வைக்கக் கூடாது.

நிலச்சரிவைப் பற்றி நான் இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் படித்தேன், தேர்வும் எழுதினேன். ஆனால், அதைப் பாட்டிக்குப் புரியும்படி தமிழில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. கற்ற கல்வி வீட்டுக்குள் நுழையாவிட்டால், அடுத்த முறை சேறுதான் நுழையும். நண்பர்களே, இந்த விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது வீட்டுப் பின்புறம் ஒருமுறை நடந்து பாருங்கள்.