காத்திருந்த வீரர்

வீரம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது போர்க்களமே. பகைவர் படை கண்டு அஞ்சாது நிற்றலும், உயிரைத் துரும்பென மதித்துப் பொருதலும் வீரம் என்று போற்றப்படுகின்றன. அது முற்றிலும் உண்மையே. ஆயினும், வீரத்திற்கு மற்றொரு முகமும் உண்டு. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாது போனவிடத்தும் மனந்தளராது, தன் கடமையைச் செய்துகொண்டே காத்திருத்தல் அம்முகமாகும். படைத்தொழில் பயின்று விண்வெளி வீரராய் உயர்ந்த இருவருடைய வரலாறு இதனை நமக்கு நன்கு விளக்கும். அவருள் ஒருவர் அமெரிக்க நாட்டினர். மற்றவர் சோவியத்து நாட்டினர்.

மனிதனை விண்வெளிக்கு அனுப்ப எண்ணியபோது, எத்தகையோரை அனுப்புவது என்னும் வினா எழுந்தது. படையிலுள்ள சோதனை விமானிகளிலிருந்தே அவர்களைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் பணித்தார். சோதனை விமானி என்பவர் யார்? புதிதாகச் செய்யப்பட்ட விமானத்தை முதன்முதலில் செலுத்திப் பார்த்து, அதன் குறைநிறைகளைக் கண்டு கூறுபவர் அவர். வானத்தின் நடுவே பொறி பழுதுறினும் அவர் பதறுதல் ஆகாது. பழுதின் காரணத்தை ஆராய்தல் வேண்டும். அதனைத் தரையிலுள்ளோர்க்கு அறிவித்தல் வேண்டும். விமானத்தையும் மீட்டுக் கொணர்தல் வேண்டும். இப்பண்பே விண்வெளிக்கும் வேண்டப்பட்டது. 40 வயதிற்கு உட்பட்டோராய், 5 அடி 11 அங்குல உயரத்திற்கு மிகாதோராய், 1500 மணி நேரமேனும் விமானம் செலுத்தியோராய் உள்ளவர்களே தகுதியுடையர் என வரையறுத்தனர். 508 விமானிகளின் பதிவேடுகளை ஆராய்ந்தனர். இறுதியில் எழுவரைத் தேர்ந்து, 1959ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் உலகிற்கு அறிவித்தனர். அவ்வெழுவருள் ஒருவரே டொனால்டு சிலேட்டன்.

சிலேட்டன் 1924ஆம் ஆண்டு விசுகான்சின் மாநிலத்தில் ஓர் உழவர் குடியிற் பிறந்தவர். சிறுவராய் இருந்தபோது வைக்கோல் அறுக்கும் பொறியிற் சிக்கி இடக்கை விரல் ஒன்றை இழந்தார். அக்குறை அவர் ஊக்கத்தைக் குறைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் குண்டு வீசும் விமானத்தைச் செலுத்தி ஐரோப்பாவில் 56 முறையும், சப்பான்மீது 7 முறையும் போர்ப்பறப்பு மேற்கொண்டார். போர் முடிந்தபின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, விமானப் பொறியியற் பட்டம் பெற்றார். மீண்டும் விமானப்படை புகுந்து சோதனை விமானியானார்.

எழுவருள் ஒருவராய் விளங்கிய அவருக்கு 1962ஆம் ஆண்டில் பூமியைச் சுற்றிவரும் நல்வாய்ப்பு அளிக்கப்பட்டது. பயணத்திற்குச் சில திங்களே எஞ்சியிருந்தன. அந்நிலையில், அவருடைய இதயத்துடிப்பு அவ்வப்போது சீர்குலைகின்றது என்று மருத்துவர் கூறினர், பயணம் தடுக்கப்பட்டது. அவருக்குரிய இடத்தில் கார்ப்பெண்டர் என்னும் மற்றொரு வீரர் சென்று மீண்டார். எஞ்சிய அறுவரும் ஒருவர்பின் ஒருவராய் விண்வெளி கண்டனர். சிலேட்டன் ஒருவரே தரையில் நின்றார்.

மாணவர்களே, இத்தகைய நிலை நமக்கு வாய்த்தால் நாம் யாது செய்வோம்? மனமுடைந்து விலகியிருப்போம், அன்றேல், சென்றவர்மீது அழுக்காறு கொண்டிருப்போம். சிலேட்டன் இவ்விரண்டும் செய்தாரல்லர். விண்வெளி வீரர்களுக்குரிய பணிகளை மேற்பார்க்கும் பொறுப்பினை ஏற்றார். எந்தப் பயணத்திற்கு எவரெவர் செல்லுதல் வேண்டும் என்று வீரர் குழுக்களை வகுத்தவர் அவரே. 1969ஆம் ஆண்டு நிலவில் முதன்முதலாய்க் காலடி வைத்த ஆம்சுட்ராங்கின் குழுவும் அவர் வகுத்ததே. தமக்குக் கிட்டாத பேற்றினைப் பிறர்க்கு வழங்கும் பணி அது. அதனை முகஞ்சுளியாது பத்தாண்டுகள் செய்தார். அதே வேளையில், புகையிலையைக் கைவிட்டு, மதுவை மிகவும் குறைத்து, நாள்தோறும் உடற்பயிற்சி செய்து தம் உடலையும் பேணி வந்தார். 1972ஆம் ஆண்டில் மருத்துவர் அவரை மீண்டும் ஆராய்ந்து, இனி விண்வெளி செல்லத் தடையில்லை என்றனர்.

இனி மற்றவர் வரலாற்றைக் காண்போம். அலெக்சி லியோனோவ் 1934ஆம் ஆண்டு சைபீரியாவிற் பிறந்தார். இளமையில் ஓவியக்கலையில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. ஓவியக் கல்லூரியிற் பயிலக் குடும்பத்தின் பொருள்நிலை இடந்தரவில்லை. ஆதலின், விமானப்படைப் பள்ளியிற் சேர்ந்து போர்விமானியானார். 1960ஆம் ஆண்டு சோவியத்து நாடு தேர்ந்தெடுத்த முதல் விண்வெளி வீரர் குழுவில் அவரும் ஒருவர்.

1965ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் அவர் விண்கலத்தை விட்டு வெளியே வந்து, கயிறு ஒன்றாற் பிணிக்கப்பட்டவராய் 12 நிமிடம் விண்வெளியில் மிதந்தார். அவருக்கு முன் அச்செயலைச் செய்தார் எவருமிலர். மீண்டும் கலத்தினுள் நுழைய முற்பட்டபோது பேரிடர் ஒன்று காத்திருந்தது. புறத்தே காற்றழுத்தம் இன்மையால் அவர் அணிந்திருந்த உடை ஊதிப் பருத்து விறைத்துவிட்டது. வாயில் வழியே நுழைய இயலவில்லை. அவர் அலறினாரா? இல்லை. உடையிலுள்ள காற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றினார். அளவு தவறினும் உயிர் போகும் செயல் அது. அஞ்சாது அதனைச் செய்து உள்ளே புகுந்தார். திரும்பும்போது தானே இயங்கி இறக்கும் கருவி பழுதுற்றது. உடன் சென்ற பெலியாயெவ் கலத்தைத் தம் கையாற் செலுத்திப் பனி மூடிய காட்டிடையே இறக்கினார். அத்துணை இடரின் இடையேயும் லியோனோவ் தம் வண்ணக்கோல்களால் விண்வெளியினின்று கண்ட கதிரவன் எழுச்சியை ஓவியமாகத் தீட்டிக் கொணர்ந்தார். என்னே அவர்தம் மனத்திட்பம்!

1971ஆம் ஆண்டில் அவர் தலைமையில் மூவர் செல்ல ஏற்பாடாயிற்று. அவர் குழுவில் ஒருவருக்கு நோய் இருக்கலாம் என மருத்துவர் ஐயுற்றமையால், மூவரையும் நிறுத்திவிட்டு மாற்றுக் குழுவினர் மூவரை அனுப்பினர். அம்மூவரும் திரும்பி வரும் வழியில் கலத்தினுள் இருந்த காற்று வெளியேறிவிட்டமையால் உயிர் துறந்தனர். தம் இடத்தில் சென்ற நண்பர்கள் மாண்ட துயரினைத் தாங்கிக்கொண்டு, லியோனோவ் தம் பயிற்சியைத் தொடர்ந்தார்.

அக்காலத்தில் அமெரிக்காவும் சோவியத்து நாடும் ஒன்றையொன்று பகையாகவே கருதின. ஒரு நாட்டின் விமானிகள் மற்றைய நாட்டாரோடு பொருதற்கென்றே பயிற்றப்பட்டனர். எனினும், இரு நாட்டு விண்கலங்களையும் விண்வெளியில் ஒன்றாய் இணைப்பதென 1972ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்துகொண்டனர். அமெரிக்கக் கலமாகிய அப்பல்லோவுக்கு விமானப்படைத் தளபதி தாமசு சுடாபோர்டு தலைவர். சிலேட்டன் அவருடன் செல்வோருள் ஒருவர். சோவியத்துக் கலமாகிய சோயுசுக்கு லியோனோவ் தலைவர். தாங்குவது ஒன்று, புகுவது ஒன்று என்னும் வேற்றுமை இன்றி, இரண்டும் ஒத்த உரிமையுடன் பற்றிக்கொள்ளும் வகையில் இணைப்புப் பொறியை அமைத்தனர்.

பொறிகளை இணைத்தல் எளிது; மனங்களை இணைத்தல் எளிதன்று. அதற்கு மொழி வேண்டும். அமெரிக்கர் உருசிய மொழியையும், சோவியத்து வீரர் ஆங்கிலத்தையும் அரிதின் முயன்று கற்றனர். பயணத்தின்போது ஒவ்வொருவரும் தம் மொழியில் பேசாது மற்றவர் மொழியிலேயே பேசினர். பிறமொழி பேசுவோன் சொற்களைத் தேர்ந்து மெல்லப் பேசுவானாதலின், கேட்போர்க்கு அது தெளிவாக விளங்கிற்று. ஐம்பது வயதை நெருங்கிய வேளையில் புதுமொழி ஒன்றைக் கற்ற சிலேட்டனின் முயற்சி நாம் எண்ணிப் பார்த்தற்குரியது.

1975ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள் இரு கலங்களும் இணைந்தன. இடைவாயில் திறந்தது. சுடாபோர்டும் லியோனோவும் கைகுலுக்கினர். ஒரு காலத்திற் குண்டு வீசும் விமானத்தைச் செலுத்திய சிலேட்டன், தம் 51ஆம் வயதில், சோவியத்துப் படைவீரரோடு அமர்ந்து உணவு உண்டார். தேர்ந்தெடுக்கப்பட்ட நாளினின்று அவர் காத்திருந்த காலம் 16 ஆண்டுகள்! அவர் பூமிக்குத் திரும்பியபின் செய்த மருத்துவ ஆய்வில், நுரையீரலில் சிறு கட்டி ஒன்று காணப்பட்டது. தீங்கற்ற கட்டியே அது. எனினும், முன்னரே கண்டிருப்பின் அவர் பயணம் மீண்டும் தடைப்பட்டிருக்கும்.

காத்திருந்தோர் அனைவர்க்கும் வாய்ப்புக் கிட்டுவதில்லை. 1984ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் நம் விமானப்படை அதிகாரி இராகேசு சர்மா சோயுசுக் கலத்தில் விண்வெளி சென்றார். அவரோடு ஒக்கப் பயிற்சி பெற்ற இரவீசு மல்கோத்திரா மாற்று வீரராய்த் தரையில் நின்றார். 2025ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள் நம் விமானப்படையைச் சேர்ந்த சுபான்சு சுக்லா, அமெரிக்கரும் உருசியரும் ஒருங்கு வாழும் பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்குப் புறப்பட்டார். அவருக்கு மாற்றாகப் பயின்று நின்றவர் பிரசாந்து பாலகிருட்டிணன் நாயர். சென்றவர் பெயர் உலகெங்கும் ஒலிக்கின்றது. நின்றவரோ, அழைப்பு வரின் அந்நொடியே புறப்படும் தகுதியோடு நின்றவர். அவர் இல்லையேல் பயணமும் இல்லை.

லியோனோவ் 2019ஆம் ஆண்டு மறைந்தபோது, முதுமையையும் தொலைவையும் பொருட்படுத்தாது சுடாபோர்டு உருசிய நாடு சென்று, தம் நண்பருக்கு இறுதி வணக்கம் செலுத்தினார். போருக்கெனப் பயின்றவர் பொறுமையால் நட்புக்கு உரியராயினர். வாய்ப்பு வரும் நாள் நம் கையில் இல்லை. வரும்போது தகுதியுடையராய் இருத்தல் நம் கையில் உள்ளது. இதுவே அவ்வீரர்கள் நமக்கு உணர்த்தும் உண்மை.