கம்பும் பாஜ்ராவும்

தில்லியில் குளிர்காலம் தொடங்கியதும், சக்கி எனப்படும் மாவு ஆலைகளின் முன் ஒரு தானியம் சாக்குகளில் வந்து நிற்கும். சாம்பல் நிறமும் இளம்பச்சையும் கலந்த சிறு மணிகள். கடைக்காரர் அதனைப் பாஜ்ரா என்பார். பேரப்பிள்ளைகளைக் காண ஊரிலிருந்து வரும் பாட்டிமாரோ, கையில் அள்ளிப் பார்த்ததும், "இது நம் கம்பு அல்லவா!" என்பர்.

தானியம் ஒன்றே; உண்ணும் காலம் வேறு. அரியானா, இராசத்தான் மக்கள் அது உடலுக்குச் சூடு தரும் என்று கருதிப் பனிக்காலத்தில் உண்கின்றனர். கம்பு மாவில் கோதுமை மாவின் இழுவைத்தன்மை இல்லை. சப்பாத்திபோல் தேய்த்தால் பிளந்துவிடும். ஆகவே உள்ளங்கைகளுக்கிடையே தட்டித் தட்டி ரொட்டியாக்கி, நெய்யும் வெல்லமும் சேர்த்து உண்பர்.

தமிழகத்தில் கம்பங்கூழ் கோடைக்கு உரியது. கம்பை நீர் தெளித்து உரலில் இடித்து, உமி நீக்கி, குருணையாக உடைத்துப் புளிக்க வைப்பர். பின்னர்க் காய்ச்சி, மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் கடித்துக்கொண்டு குடிப்பர். புளித்த கூழ் உடலைக் குளிர்விக்கும் என்பது ஊரார் நம்பிக்கை. சூடும் குளிர்ச்சியும் தானியத்தில் மட்டுமன்றிச் சமைக்கும் கையிலும் உள்ளன போலும்!

வறண்ட நிலப்பகுதிகளில் நெல்லுச்சோறு திருநாள் உணவாக இருந்தது. கம்பும் கேழ்வரகும் சோளமுமே அன்றாட உணவு. அரிசி எளிதில் கிடைக்கத் தொடங்கியதும், கூழ் ஏழையின் உணவென ஒதுக்கப்பட்டது. விருந்தினர் வந்தால் கூழ்ப்பானையை மறைத்து வைத்த வீடுகளும் உண்டு.

இத்தகைய ஏளனம் தமிழரின் கூழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. குளிரும் ஈரமும் மிகுந்த ஸ்காட்லாந்தில் ஓட்ஸ் நன்கு விளையும். அதன் கஞ்சியையும் அடையையும் உண்டே அந்நாட்டு உழவர் வாழ்ந்தனர். 1755-இல் வெளியான தம் ஆங்கில அகராதியில் சாமுவேல் ஜான்சன், இங்கிலாந்தில் குதிரைகளுக்கு இடும் இத்தானியம் ஸ்காட்லாந்தில் மக்களுக்கு உணவாகிறது என்று கேலியாகப் பொருள் எழுதினார். அம்மக்கள் தம் கஞ்சியைக் கைவிடவில்லை. ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றை ஓட்ஸுடன் கலந்து, ஆட்டின் இரைப்பையில் இட்டு வேகவைக்கும் உணவு ஹாகிஸ். எளிய மக்களின் அவ்வுணவைக் கவிஞர் இராபர்ட் பர்ன்ஸ் 1786-இல் புகழ்ந்து பாடினார். அவர் பிறந்த நாளான சனவரி 25 அன்று, அப்பாடலைச் சொன்ன பின்னரே விருந்தில் ஹாகிஸைப் பகிர்ந்து உண்கின்றனர். குதிரைத் தீனி என்று நகைக்கப்பட்ட ஓட்ஸ், இன்று தில்லிக் கடைகளில் கம்பைவிட மிகுந்த விலைக்கு விற்கிறது!

ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் தில்லி பாரத் மண்டபத்தில் நடந்த ஜி-20 விருந்தில் சிறுதானிய உணவுகள் உலகத் தலைவர்களுக்குப் பரிமாறப்பட்டன.

கம்பு மாவு சில நாள்களில் கசந்துவிடும். அதனால் தில்லியில் கூழ் காய்ச்ச விரும்புவோர், பனிக்காலத்தில் மணியாகவே வாங்கிச் சேமித்து, சித்திரை வெயிலில் வேண்டிய அளவு உடைத்துக்கொள்ளலாம்.

பயிற்சி

1. கம்பு ரொட்டியைக் கையால் தட்டுவது ஏன்?

2. உங்கள் வீட்டில் முன்பு சமைத்து, இப்போது சமைக்காத உணவு ஒன்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து, அதன் செய்முறையை ஐந்து வரிகளில் எழுதுக.