சாரலும் பெருந்தொற்றும்: முதியோரைச் சூழ்ந்த நம்பிக்கைகளும் உண்மைகளும்

திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமான நான்கு மாதங்களில், 2020 மார்ச் 25 அன்று, நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. புளியரைச் சோதனைச் சாவடியில் கேரளப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்ட அந்நாட்களில், மலையடிவாரத்து மூலிகைக் காற்றைச் சுவாசித்து வளர்ந்த உடலைக் கொரோனா அண்டாது என்னும் நம்பிக்கை முதியோர் பலருக்கு ஆறுதலாக இருந்தது. தூய காற்று நுரையீரலுக்கு நல்லது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்த நச்சுயிரி மலைக்காற்றில் வருவதன்று, அருகிலிருக்கும் மனிதரின் மூச்சிலும் இருமலிலும் வெளிப்படும் நுண்துளிகளில் வருவது. அடைத்த அறையில் அந்த நுண்துளிகள் நெடுநேரம் மிதந்து நிற்கும். சாரல் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் ஈரக்காற்றுக்கு அஞ்சிச் சன்னல்களைச் சாத்திவிட்டுத் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் என அனைவரும் ஒரே அறையில் படுத்துறங்கும் வழக்கத்தை எண்ணிப் பார்த்தால், சாரல் காலம் காப்பாக அமைவதைவிடத் தொற்றுக்கு வாய்ப்பாக அமைவதே மிகுதி என்பது விளங்கும். எதிரெதிரான இரண்டு சன்னல்களை ஒரு சாண் அளவுக்கேனும் திறந்து வைத்து, முதியவரின் கட்டிலைக் காற்று வரும் பக்கமாக நகர்த்திப் போடுவது செலவில்லாத தற்காப்பு.

அருவிநீர் நோய் தீர்க்கும் என்னும் நம்பிக்கையும் இதனோடு சேர்ந்தது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளின் சாரல் பருவத்திலும் குற்றாலத்தின் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் ஆகியவற்றில் குளிக்கத் தடை இருந்ததற்குத் தண்ணீரில் கிருமி இருக்கும் என்பது காரணமன்று. அருவிக்கரையில் தோளோடு தோள் உரசி நிற்கும் கூட்டமே காரணம். சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா பக்தர்களின்றி நடத்தப்பட்டதும் இதனாலேயே. ஆண்டுதோறும் தவறாமல் சென்று வந்த முதியவர்களுக்கு அது பெரிய இழப்பு என்பதை மறுப்பதற்கில்லை.

மூலிகைக் குடிநீரைப் பொறுத்தவரை சற்று நின்று பேச வேண்டும். பொதிகை மலையும் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் அருகிருக்கும் இந்நிலப்பகுதியில் சித்த மருத்துவத்தின் மீதுள்ள பற்று இயல்பானது. 2020 ஏப்ரலில் தமிழ்நாடு அரசே ‘ஆரோக்கியம்’ திட்டத்தின் கீழ்ப் பதினைந்து சரக்குகள் சேர்ந்த கபசுரக் குடிநீரை மக்களுக்கு வழங்கியது. அதனைத் தடுப்பூசிக்கு மாற்றாகவும், மூச்சுத்திணறல் வந்த பின்னரும் போதுமான மருந்தாகவும் கொண்டதுதான் பிழை. அதனினும் தீங்கானது, கஷாயம் குடிக்கும் நாட்களில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்திவிடுவது. சில வகை இரத்த அழுத்த மாத்திரைகள் தொற்றைக் கடுமையாக்கும் என்றொரு செய்தி 2020இன் தொடக்கத்தில் பரவியதும், அவற்றைத் தொடர்வதால் கேடில்லை எனப் பின்னர் நடந்த மருத்துவ ஆய்வுகள் காட்டியதும் இங்கே நினைவுகூரத்தக்கவை.

தடுப்பூசி பற்றிய அச்சம் இம்மாவட்டத்தில் ஒரு தனித் துயரத்தோடு பிணைந்தது. சங்கரன்கோவில் பகுதியிலுள்ள பெருங்கோட்டூரைப் பூர்வீகமாகக் கொண்ட நடிகர் விவேக், 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 17ஆம் நாள் அதிகாலை மறைந்தார். அறுபது வயதைக் கடந்தோருக்கு மார்ச் 1 முதலே தடுப்பூசி கிடைத்துக்கொண்டிருந்த நிலையில், இரண்டாம் அலை எழும்பிய அதே வாரங்களில், அவருடைய மறைவைக் கேட்டுப் பலர் பின்வாங்கினர். இதயத்தின் முதன்மைத் தமனிகளுள் ஒன்று முழுமையாக அடைபட்டிருந்ததை மருத்துவர்கள் அப்போதே தெரிவித்தனர். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் அந்த இறப்புக்குத் தடுப்பூசி காரணமன்று எனப் பின்னர் அறிவித்தது. மாரடைப்பு அன்றாடம் நிகழும் வயதினரில் இலட்சக்கணக்கானோருக்கு ஊசி போடும்போது, சிலருக்கு இரண்டும் அடுத்தடுத்த நாளில் நேர்வது தவிர்க்க இயலாதது. ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்ததால் மட்டும் முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. கோவிஷீல்டு ஊசியால் மிக அரிதாக இரத்த உறைவு ஏற்பட்டதும் உண்மையே. ஆனால் முதியோருக்குக் கொரோனாவினாலேயே இரத்தம் உறையும் இடர் அதைவிடப் பன்மடங்கு பெரிது.

‘தைரியமாக இருந்தால் நோய் ஒன்றும் செய்யாது’ என்பது இவை அனைத்தினும் இனிமையாக ஒலிப்பதும், இவை அனைத்தினும் மிகுந்த உயிர்களுக்கு ஊறு விளைக்க வல்லதும் ஆகும். மனக்கலக்கம் உறக்கத்தையும் உணவையும் கெடுக்கும் என்பதால் மன அமைதி தேவையே. ஆனால் இந்நோயில் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு குறைந்துகொண்டிருக்கும்போதே நோயாளி மூச்சுத்திணறலை உணராமல் பேசிக்கொண்டிருக்கும் நிலை உண்டு. அதனை மருத்துவர்கள் வெளித்தெரியா ஆக்சிஜன் குறைவு என்பர். முதியோர் சிலருக்குக் காய்ச்சலே வராமல், உணவில் விருப்பமின்மை, திடீர்க் குழப்பம், நடக்கையில் தடுமாறி விழுதல் ஆகியவையே முதல் அறிகுறிகளாக அமையும். வயதானால் இப்படித்தான் என்று வீட்டார் அவற்றை விட்டுவிடுவர். எனவே விரல்நுனியில் மாட்டி ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் என்னும் சிறு கருவி தைரியத்தைவிட நம்பத்தக்கது. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பிறகு, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றி, மருதாணியோ நகச்சாயமோ இல்லாத விரலில் கருவியை மாட்டி, எண் ஓரிடத்தில் நிலைகொள்ளும் வரை காத்திருக்க வேண்டும். சாரல் குளிரில் விறைத்த விரல் பொய்யான குறைந்த அளவைக் காட்டி வீண் பதற்றம் தரும். 94க்குக் கீழ் எண் நிலைத்து நின்றால், இரவானாலும் 108 ஆம்புலன்ஸை அழைப்பதே முறை. அந்த வேளையில் யார் உடன் வருவது, மாத்திரைச் சீட்டும் ஆதார் அட்டையும் எந்தப் பையில் உள்ளன, தென்காசி அரசு மருத்துவமனைக்கா திருநெல்வேலிக்கா என்பவை நலமாயிருக்கும்போதே முடிவாகியிருந்தால், முதியவரின் மனம் தானாகவே அமைதி கொள்ளும். பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்க, பெற்றோர் மட்டும் வாழும் கடையநல்லூர் போன்ற ஊர்களின் வீடுகளுக்கு இது மேலும் இன்றியமையாதது.

மருத்துவமனைக்குச் செல்லாமல் வீட்டில் இருந்தபடியே ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்குவது ஆபத்தானது. 2020 ஜூனில் வெளிவந்த பிரிட்டன் ஆய்வின்படி டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு ஆக்சிஜன் தேவைப்பட்டோரின் உயிரைக் காத்தது, தேவைப்படாதோருக்குப் பயன் தரவில்லை. சர்க்கரை நோயாளிகளிடம் அதன் முறையற்ற பயன்பாடு 2021இல் கருப்புப் பூஞ்சை நோய்க்கு வழிவகுத்த காரணங்களுள் ஒன்று.

கொள்ளைநோய் எதுவாயினும் முதியோரே முதலில் மடிவர் என்னும் விரக்தியும் வரலாற்றுக்குப் பொருந்தாது. 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுயன்சா, இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, இருபது முதல் நாற்பது வயதினரையே குறிப்பாகத் தாக்கியது. கொரோனாவில் முதுமை பெரும் இடர் என்பது உண்மை. ஆனால் மருத்துவமனையில் சேர்ந்த முதியோரில் மிகப் பலர் நலம்பெற்று வீடு திரும்பினர் என்பதும் உண்மை.

வாசலைத் தாண்டாமல் கட்டிலிலேயே கிடப்பதுதான் பாதுகாப்பு என்பதும் திருத்தத்திற்குரியது. முதுமையில் சில நாள் படுக்கையே தொடைத்தசையை மெலியச் செய்து, எழுந்தால் விழும் நிலைக்குத் தள்ளிவிடும். திண்ணையிலோ புறக்கடையிலோ மொட்டைமாடியிலோ நடப்பதற்குத் தடையில்லை. பீடி சுற்றும் மூதாட்டியர் தட்டைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் தள்ளித் தள்ளி அமர்ந்தால் காற்றும் பேச்சுத்துணையும் ஒருங்கே கிடைக்கும். மாத்திரை வாங்கக் கூட்டத்தில் நிற்க வேண்டிய நிலையை, 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பெரிதும் குறைத்தது. சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளோடு இயன்முறைச் சிகிச்சையையும் அது வீட்டுக்கே கொண்டுவருகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று நெருக்கடி நிலையை விலக்கியதால் கிருமியே ஒழிந்துவிட்டது என்று கொள்வதும் தவறு. அது வடிவம் மாறி இன்றும் உலவுகிறது. மழைக்காலக் காய்ச்சல்களோடு கலந்தும் வருகிறது. எனவே அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களும், சர்க்கரை, சிறுநீரகம், இதயம், நுரையீரல் தொடர்பான இணைநோய் உடையவர்களும் சாரல் தொடங்குவதற்கு முன்னரே இன்ஃபுளுயன்சா தடுப்பூசி குறித்துத் தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதும், வீட்டில் எவருக்கேனும் இருமல் இருந்தால் அந்த நாட்களில் மட்டும் தனியறையில் உறங்குவதும் பொருத்தமானவை.