மிலிட்டரிக்காரருக்கு வட்டியே கிடையாதாமே!

போன மாதம் மட்டும் இந்தக் கேள்வி ஆறு தடவை என் காதில் விழுந்தது. ஒன்று திண்டிவனம் நேரு வீதி டீக்கடையில், ஒன்று விழுப்புரம் போகும் பேருந்தில், மற்றதெல்லாம் என் மேசைக்கு எதிரே. வீட்டுக்கு பிளான் போட்டு, வங்கிக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ராணுவத்திலிருந்து நாற்பது வயதுக்குள் பென்ஷனோடு ஊர் திரும்புகிறவர்கள் முதலில் செய்வது வீடு கட்டுவதுதான். செஞ்சி, மயிலம், ஒலக்கூர் பக்கத்திலிருந்து வருகிற இவர்கள் கையோடு கொண்டுவருவது மூன்று சமாச்சாரம்: மூலப்பத்திரம், டிஸ்சார்ஜ் புக், இந்த வதந்தி.

"என்ஜினியர் சார், எக்ஸ்-சர்வீஸ்மேனுக்கு வீட்டுக் கடன்ல வட்டியே கிடையாதாமே?"

கிடையாது என்பதே கிடையாது. வட்டி உண்டு. வங்கிக்காரர் உங்கள் டிஸ்சார்ஜ் புக்கைப் பார்த்து எழுந்து நின்று வணக்கம் வைப்பார், பிறகு உட்கார்ந்து வட்டி போடுவார். இதை எத்தனை தடவை சொன்னாலும், "இல்ல சார், எங்க ஊர்ல ஒருத்தருக்குக் கொடுத்திருக்காங்க" என்கிறார்கள். அந்த ஒருத்தர் யார் என்று கேட்டால் பெயர் வராது. பக்கத்து ஊர் என்பார்கள். பக்கத்து ஊரில் கேட்டால் அதற்கும் பக்கத்து ஊர்.

வதந்திக்கு விதை மூன்று இடத்திலிருந்து வந்திருக்கிறது. முதல் விதை உண்மையானது. டெல்லியில் உள்ள மத்திய சைனிக் வாரியம், வீடு கட்ட வாங்கிய கடனுக்கான வட்டியில் பாதியைத் திருப்பித் தருகிறது. "அதைத்தானே சார் சொன்னேன்" என்று இந்த இடத்தில் குதிக்காதீர்கள். அது போரில் உயிரிழந்தவர் குடும்பத்துக்கும், போரில் ஊனமுற்றவருக்கும், அமைதிக் காலத்திலும் ராணுவப் பணியின் காரணமாகவே உயிரோ உறுப்போ இழந்ததாகச் சான்று பெற்றவர்களுக்கும்தான். அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. மொத்தமாக 1 லட்சம் ரூபாய், அவ்வளவுதான்.

அந்த 1 லட்சம் எவ்வளவு தூரம் வரும் என்று பென்சில் எடுத்துப் போட்டுப் பாருங்கள். 20 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை 17,356 ரூபாய். முடிக்கும்போது வட்டியாக மட்டும் ஏறக்குறைய 21 லட்சத்து 65 ஆயிரம் கட்டியிருப்பீர்கள். முதல் வருடத்து வட்டியே 1 லட்சத்து 68 ஆயிரம் சொச்சம். ஆக, அந்த 1 லட்சம் என்பது ஏழு மாத வட்டி. மிச்சம் பத்தொன்பது வருடம் ஐந்து மாதத்துக்கு நீங்களும் வங்கியும் மட்டும்தான்.

இரண்டாவது விதை சென்னையில் விழுந்தது. 2024 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம் என்று சொன்னார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் அது தொழில் தொடங்க. மாவு மில் வைக்கலாம், பட்டறை போடலாம். மூன்று படுக்கையறை வீடு கட்டிவிட்டு "இதுதான் என் தொழில்" என்று சொல்ல முடியாது. ஒருவர் அப்படியும் கேட்டார். வாடகைக்கு விட்டால் தொழில்தானே என்றார். நான் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது விதை கப்பலேறி வந்தது. அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் அனுப்பிய வீடியோவில், அங்கே பட்டாளத்தில் இருந்தவருக்குக் கைக்காசு இல்லாமலே வீட்டுக் கடன் கிடைக்கும் என்று சொல்கிறார்கள். அது உண்மைதான். 1944இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்திலிருந்து நடக்கிற விஷயம். அங்கேயும் பெரும்பாலும் கடன் கொடுப்பது வங்கிகள்தான், அரசு அதற்கு உத்தரவாதம் நிற்கிறது, வட்டியும் உண்டு. அந்த வீடியோவை அனுப்பியவர் நம் ரிசர்வ் வங்கியின் விதியை அனுப்பவில்லை. 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பின் 90 சதவீதத்துக்கு மேல் வங்கி கொடுக்கக் கூடாது, 30 லட்சத்தைத் தாண்டினால் 75 லட்சம் வரை 80 சதவீதம்தான். மிச்சம் மார்ஜின் பணம், உங்கள் சட்டைப் பையிலிருந்து வரவேண்டும். இந்த விதியில் சிப்பாய்க்கு ஒன்று, செட்டியாருக்கு ஒன்று என்று கிடையாது.

சில்லறை வதந்திகளையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேட் வங்கியில் 'சௌர்யா' என்ற பெயரில் படையினருக்குத் தனிக் கடன் இருக்கிறது, சலுகைகளும் இருக்கின்றன, ஆனால் அது கடன், பரிசு அல்ல. அக்னிவீரராக நான்கு வருடம் இருந்து திரும்புகிற பிள்ளைக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடையாது, அப்பாவின் அட்டையை நீட்டி அவனுக்குச் சலுகை கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் யுத்தம் முடிந்து வந்தவர்களுக்குத் தரிசு நிலம் ஒப்படை செய்தார்களே என்பார்கள். செய்தார்கள். உங்கள் தாத்தாவுக்குக் கொடுத்த நிலம் எங்கே என்று முதலில் உங்கள் சித்தப்பாவைக் கேளுங்கள். விண்ணப்பத்தை முடித்துத் தருவதாக ஐயாயிரம் கேட்கிற புரோக்கரை நம்பாதீர்கள். விழுப்புரத்திலேயே முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, அங்கே கேட்கக் காசு வேண்டாம்.

இத்தனை பேர் இல்லாத சலுகையைக் கேட்டு அலைகிறார்கள். இருக்கிற சலுகைக்கு உரியவர் கேட்கவே இல்லை என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒலக்கூர் பக்கத்து ஹவில்தார் ஒருவர் போன வாரம் வந்தார். பணியில் இருக்கும்போது இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. சான்றெல்லாம் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருக்கிறார். "பாதி வட்டி திரும்ப வருமே, எழுதிப் போட்டீங்களா அண்ணே?" என்றேன். "அதெல்லாம் புரளின்னு சொன்னாங்க சார்" என்றார். ஊரெல்லாம் நம்புகிற பொய்யை ஒரே ஒருவர் நம்பவில்லை. அவருக்குத்தான் அது உண்மை.

அவர் வந்தது வட்டிக்காக அல்ல, பூச்சு வேலை பில்லுக்காக. சைட்டுக்குப் போனேன். போனதும் தலையில் கை வைத்தேன்.

2024 டிசம்பர் முதல் தேதி ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. அன்றிலிருந்து எங்கள் பக்கத்து மேஸ்திரிகளுக்குப் பேஸ்மட்டப் பைத்தியம் பிடித்திருக்கிறது. முன்பெல்லாம் இரண்டடி, இப்போது மூன்றரை, நாலு. வெள்ளத்துக்குச் சரிதான். இந்த ஹவில்தார் வீட்டில் மூன்றரை அடி ஏற்றி, வாசலில் செங்குத்தாக ஐந்து படி, அதுவும் வழுவழுப்பான கிரானைட். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. கட்டைக்காலோடு அவர் பக்கவாட்டாகத் திரும்பி, சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறுவதை நின்று பார்த்தேன். சொந்த வீட்டுக்குள் திருடனைப் போல நுழைகிறார். உள்ளே போனால் குளியலறை நிலை இரண்டரை அடி. கதவு போட்டால் சக்கர நாற்காலி உரசிக்கொண்டுகூடப் போகாது.

அமெரிக்காவில் ஊனமுற்ற படைவீரர் வீட்டை மாற்றிக் கட்ட 1 லட்சம் டாலருக்கு மேல் மானியம் இருக்கிறது. நம்மிடம் 100 சதவீத ஊனமுற்றவருக்கு வீடு பழுதுபார்க்க சைனிக் வாரியம் கொடுப்பது 20,000 ரூபாய். இதை எதிர்த்து யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. சாய்தளம் என்றால் ஆஸ்பத்திரிக்கும் தாலுகா ஆபீசுக்கும் என்று நினைக்கிறார்கள். வங்கிக்கு வருகிற எஸ்டிமேட்டில் பூஜை அறை டைல்ஸுக்குத் தனி வரி இருக்கும், கைப்பிடிக் கம்பிக்கு இருக்காது. அறுபது வயதானால் எல்லோர் முழங்காலும் ஹவில்தார் முழங்கால்தான்.

ஓர் அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளக் கணக்கு. மூன்றரை அடிக்கு நாற்பத்திரண்டு அடி. அவருடைய முன்வாசலில் இருப்பது எட்டடி. மேஸ்திரி சிரித்தார். டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டின் தெற்குப் பக்கமாக நடந்தேன். கிணற்றடி வரை போய், அங்கே நின்று இளைப்பாற ஒரு சமதளம் விட்டு, திரும்பி வந்தால் நாற்பத்து நாலு அடி கிடைக்கிறது. நடுவில் ஒரு முருங்கை மரம். "மரத்தை வெட்டிடலாம் சார்" என்றார் மேஸ்திரி. "வேணாம், வளைச்சுப் போடு" என்றார் ஹவில்தார். டேப்பின் மறுமுனையைக் குனிந்து பிடித்தது அவர்தான்.