பல் இம்ப்ளான்ட் போட்டுக்கொண்டவர்களுக்கு ஒன்பது அறிவுரைகள்

வேலப்பன்சாவடி சவீதா, மதுரவாயல் மீனாட்சி அம்மாள், முகப்பேர் தாய் மூகாம்பிகை என்று நம் பக்கத்திலேயே பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் பலர் இப்போது இம்ப்ளான்ட் வைத்துக்கொள்கிறார்கள். நானும் வைத்துக்கொண்டவன், தெருவில் பலருக்குத் துணைக்குப் போய் வந்தவன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

1. பஞ்சை அழுத்திக் கடியுங்கள். டாக்டர் வைத்த பஞ்சை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை கடித்தபடி இருங்கள். ரத்தம் நின்றதா என்று அடிக்கடி எடுத்துப் பார்த்தால் கட்டிய உறைவு பிய்ந்து வந்துவிடும்.

2. முதல் 24 மணி நேரம் துப்பாதீர்கள், கொப்பளிக்காதீர்கள். எச்சிலை விழுங்கிவிடுங்கள். இளநீர் குடிக்கலாம், ஆனால் ஸ்ட்ரா வேண்டாம். உறிஞ்சினாலும் உறைவு கலையும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரை வாயில் வைத்து மெதுவாக அலசி, தானாக வழிய விடுங்கள்.

3. வீக்கத்தைக் கண்டு பயப்படாதீர்கள். லேத் ஓட்டும் தம்பி ஒருவர் மூன்றாம் நாள் காலையில் கண்ணாடி பார்த்துவிட்டு, கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டு ஓடி வந்தார். இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வீக்கம் உச்சத்துக்கு வரும், பிறகு வடியும். முதல் நாள் ஐஸைத் துணியில் சுற்றி, விட்டுவிட்டு ஒத்தடம் கொடுங்கள். தலையணையை உயர்த்திப் படுங்கள்.

4. சாப்பாடு ஆறியதாக, குழைவாக இருக்கட்டும். ஊறவைத்த இட்லி, மோர் விட்டுப் பிசைந்த சாதம், கேழ்வரகுக் கூழ் போதும். முறுக்கு, வேர்க்கடலை, காரக்குழம்பு, கொதிக்கும் டீ எல்லாம் காத்திருக்கட்டும்.

5. பீடி, சிகரெட், ஹான்ஸ், பாக்கு வேண்டவே வேண்டாம். புகை ஈறுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். இம்ப்ளான்ட் பிடிக்காமல் போவதற்கு இது பெரிய காரணம்.

6. சுகரைக் கட்டுக்குள் வையுங்கள். சர்க்கரை ஏறினால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தாதீர்கள். எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுப்பவர்கள் அறுவைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் சொன்ன நாள்வரை முழுதாகச் சாப்பிடுங்கள்.

7. இரண்டு நாளாவது லீவு போடுங்கள். பாரம் தூக்கினால், குனிந்து வேலை செய்தால் மறுபடி ரத்தம் கசியும். மேல்தாடையில் போட்டவர்கள் மூக்கை வேகமாகச் சிந்தாதீர்கள். கடைவாய்ப் பக்கத்தில் சைனஸ் மிக அருகில் இருக்கிறது.

8. வலி போனதும் கடித்துப் பார்க்காதீர்கள். நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். தையல் ஒரு வாரம், பத்து நாளில் பிரிப்பார்கள். அதற்குள் வலியும் போயிருக்கும். ஆனால் இம்ப்ளான்டின் டைட்டானியத் திருகைச் சுற்றியுள்ள பழைய எலும்பு கரைந்து புது எலும்பு வளரும் சமயம் அது. மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் பிடிமானம் குறைவாக இருக்கும். காங்கிரீட் மேலே காய்ந்ததும் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க மாட்டோமே, அது போலத்தான். டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்பதை ஸ்வீடனின் பிரோனமார்க் 1952-இல் முயல் எலும்பில் கண்டார். 1965-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். அந்த ஒட்டுதலுக்கு இன்றும் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் ஆகிறது. திருகின் மேல் பல் கேப் போடச் சொல்லி டாக்டரை அவசரப்படுத்தாதீர்கள்.

9. இவற்றைக் கண்டால் அன்றே போங்கள்: அழுத்திக் கடித்தும் நிற்காத ரத்தம், நான்காம் நாளுக்குப் பிறகும் கூடும் வலி, சீழ், காய்ச்சல், மறுநாளும் விலகாத உதட்டு மரப்பு, ஆடும் இம்ப்ளான்ட். கடைக்காரரிடம் மாத்திரை கேட்டு வாங்கி நாளைக் கடத்தாதீர்கள்.

இம்ப்ளான்ட் சொத்தையாகாது; ஆனால் அழுக்குச் சேர்ந்தால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அரிபடும், அதுவும் பெரும்பாலும் வலிக்காமல். இரண்டு வேளை துலக்குங்கள், இடுக்குகளுக்குச் சின்ன பிரஷ் வாங்கிக்கொள்ளுங்கள், தொந்தரவு இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.